ஒருவருக்குப் பன்மை

அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்கிற பிள்ளை, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் வந்ததும் "சாப்பிட்டீங்களா?" என்கிறது. இருவருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. சோறும் ஒன்று, கேள்வியும் ஒன்றுதான். வினைமுற்றின் வால் மட்டும் மாறிவிடுகிறது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றில்லை. அப்பாவையும் 'நீ' என்கிற வீடுகள் உண்டு. அம்மாவையும் அக்காவையும் 'நீங்க' என்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் எந்த வீட்டிலும் இதைப் பாடமாக உட்கார வைத்து நடத்துவதில்லை. பள்ளிக்கூடப் படி ஏறுமுன்பே யாருக்கு 'வா', யாருக்கு 'வாங்க' என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. தப்பினால் தலையில் ஒரு குட்டு விழும், "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?" என்று ஓர் அதட்டல் வரும். அவ்வளவுதான் பயிற்சி.

எதிரே இருப்பவர் ஒருவர்தான். அவரைப் பலராக்கிக் கூப்பிடுகிறது தமிழ். கணக்குப்படி இது பிழை. பிழை என்று முதலில் பதிவு செய்தவரும் ஓர் இலக்கணக்காரர்தான். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற பகுதியில், ஒருவரைப் பன்மையால் சொல்வது பற்றி ஒரு நூற்பா வருகிறது. அப்படிச் சொல்வது வழக்கில் உள்ள உயர்த்திச் சொல்லும் முறை, இலக்கண நெறிப்படி அமைந்தது அல்ல என்பது அதன் சாரம். விதியை மீறுகிறார்கள் என்று கண்டார், ஏன் மீறுகிறார்கள் என்பதையும் எழுதிவைத்தார், திருத்தப் போகவில்லை. மக்கள் பேச்சை அதன் போக்கில் நின்று கேட்ட ஒருவரின் காது இது.

அந்த வழக்கம் அப்போது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்குச் சங்கப் பாடல்களே சாட்சி. புறநானூற்றுப் புலவர்கள் வேந்தனை நேருக்கு நேர் 'நீ' என்றே பேசுகிறார்கள். பரிசில் தரத் தாமதித்தவனைக் கண்டிப்பதும் 'நீ', போரை நிறுத்தச் சொல்வதும் 'நீ'. அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. பிறகு அந்தப் பாடல்களைத் தொகுத்தவர்கள் புலவர் பெயர்களை எழுதியபோது ஒரு வேறுபாடு தெரிகிறது. பாடியவர்கள் கபிலர், பரணர், ஔவையார், நக்கீரனார் என்று 'அர்', 'ஆர்' போட்டு நிற்கிறார்கள். பாடப்பட்டவர்களோ பாரி, பேகன், அதியமான் நெடுமானஞ்சி. கவிதை எழுதிய அரசர்களுக்கும் அதே கதிதான். பாலை பாடிய பெருங்கடுங்கோ வெறும் கோவாகவே நிற்கிறார். தொகுத்தவர்கள் புலமைக்குத்தான் பன்மை கொடுத்தார்கள், முடிக்கு அல்ல. இதைக் கவனிக்கும்போதெல்லாம் தமிழ் வாசகனுக்கு மனம் நிறைவதில் வியப்பில்லை.

'நீ' என்பதற்குப் பன்மையாக நீயிர், நீவிர், நீர் ஆகியவை இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியும் இவற்றையும் 'எல்லீர்' என்பதையும்தான் முன்னிலைப் பன்மையாக அடுக்குகிறார். இன்று நாவில் நொடிக்கொரு முறை வரும் 'நீங்கள்' அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சொல்லின் பிறப்பு கொஞ்சம் வேடிக்கையானது. 'நாம்' என்பதோடு 'கள்' ஒட்டி 'நாங்கள்' ஆனதுபோல, 'நீம்' என்ற பன்மையோடு 'கள்' ஒட்டி 'நீங்கள்' ஆயிற்று. ஏற்கெனவே பன்மையாக இருந்த சொல்லுக்கு இன்னொரு பன்மை.

அந்தக் 'கள்' எங்கிருந்து வந்தது? தொல்காப்பியர் அதை அஃறிணைக்கு வைத்தார். ஆடுகள், மரங்கள், கற்கள் என்பனவற்றுக்கு உரிய விகுதி. மனிதருக்கு அது ஆகாது. ஆனால் திருக்குறளிலேயே 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்று மனிதர்மேல் ஏறிவிடுகிறது. அங்கிருந்து ஏறிய ஏற்றம்தான் ஏற்றம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரிய விகுதி, நூற்றாண்டுகள் கழித்து மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாண்புமிகு அமைச்சர் அவர்கள் என்று அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

மரியாதைச் சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. எல்லாரும் புழங்கப் புழங்க அதன் மெருகு போய்விடும். அப்புறம் அதற்கு மேலே இன்னொன்று தேவைப்படும். 'நீர்' ஒருவருக்கு மரியாதையாக ஆனபின், உண்மையில் பலரைக் குறிக்க 'நீங்கள்' வேண்டியிருந்தது. பிறகு அந்த 'நீங்களு'ம் ஒருவருக்கே மரியாதையானது. 'நீர்' ஒரு படி கீழே இறங்கிற்று. திருநெல்வேலிப் பக்கம் "வாரும்வே, இரும்" என்றால் அதில் உரிமையும் மரியாதையும் சேர்ந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் சம வயதுக்காரர்களும் கணவன் மனைவியரும் 'நீர்' என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். கிறித்தவர்களின் ஜெபத்தில் கடவுளே 'நீர்'. அதே சொல்லை வட மாவட்டத்தில் ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தால் முகம் சுண்டிவிடும். விசாரணை செய்கிற அதிகாரியின் தொனி அதில் கேட்கும். 'நீங்கள்' போதாது என்று கடிதத்தில் 'தாங்கள்' வருகிறது. அது உண்மையில் படர்க்கைச் சொல். எதிரில் இருப்பவரை நேரே சுட்டாமல், வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் ஒதுங்கி நின்று பேசுவது. மடாதிபதியைச் 'சன்னிதானம்' என்பதும், "ஐயா சொன்னா சரி" என்று ஐயாவிடமே சொல்வதும் அதே ஒதுக்கம்தான். பெரியவரை நோக்கி விரல் நீட்டக் கூடாது என்பதை உடம்பு கற்றதுபோலவே வாயும் கற்றிருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரியது அல்ல. 1960இல் ராஜர் பிரவுன் என்ற சமூக உளவியலாளரும் ஆல்பர்ட் கில்மன் என்ற ஆங்கில இலக்கிய அறிஞரும் சேர்ந்து, ஐரோப்பிய மொழிகளின் 'நீ', 'நீங்கள்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மொழியும் சமூகமும் பற்றிய படிப்பில் இன்றும் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. அவர்கள் பிடித்த நுனி எளிமையானது. எந்தச் சொல் என்பதைவிட, அது இரு பக்கமும் போகிறதா, ஒரு பக்கம் மட்டும் போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இருவரும் 'நீ' என்றால் நெருக்கம். இருவரும் 'நீங்கள்' என்றால் அளவான தூரம். ஒருவர் 'நீ' என்று சொல்லி மற்றவரிடமிருந்து 'நீங்கள்' வாங்கினால் அங்கே அதிகாரம் இருக்கிறது. அம்மாவுக்கு 'நீ', அப்பாவுக்கு 'நீங்க' என்ற வீட்டில் பிள்ளை இந்த இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில் போடுகிறது: ஒருவரிடம் நெருக்கம் வென்றுவிட்டது, மற்றவரிடம் அதிகாரம்.

பிரவுனும் கில்மனும் ஐரோப்பாவைப் பார்த்தார்கள். அடுத்த தலைமுறையில் இந்தப் படிப்பு கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கே வந்து சேர்ந்தது. ஸ்டீபன் லெவின்சன் என்ற இளம் ஆய்வாளர் அங்கே தங்கி, எந்தச் சாதிக்காரர் யாருக்கு 'நீ' கொடுக்கிறார், யாரிடமிருந்து 'நீங்க' வாங்குகிறார் என்று கவனித்துக் குறித்துக்கொண்டார். அவரும், மெக்சிகோவின் மாயா மொழிகளில் ஒன்றான செல்தால் பேசும் ஊரில் ஆய்வு செய்த பெனலபி பிரவுனும் சேர்ந்து எழுதிய பணிவு பற்றிய ஆய்வு 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வந்தது. உலகப் பல்கலைக்கழகங்களில் இன்று பணிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏற்றாலும் மறுத்தாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதன் மூன்று கால்களில் ஆங்கிலமும் செல்தாலும் இரண்டு. மூன்றாவது கால் கொங்குத் தமிழ்.

அவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்டது 'முகம்' என்ற கருத்து. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1955இல் விரித்து எழுதியது அது. நாலு பேர் நடுவில் தனக்கென்று ஒருவர் வைத்திருக்கும் மதிப்புதான் முகம். பேசுகிற ஒவ்வொருவரும் தன் முகத்தையும் எதிராளியின் முகத்தையும் காப்பாற்றிக்கொண்டே பேசுகிறார்கள் என்றார். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வருத்தப்படுவதும், முகத்தில் கரி பூசிவிட்டான் என்று குமுறுவதும், முகதாட்சண்யத்துக்காக இல்லை என்று சொல்ல முடியாமல் கடன் கொடுத்து மாட்டிக்கொள்வதும் இங்கே தினமும் நடப்பவை. உபசாரச் சொல்லுக்கே பழந்தமிழில் 'முகமன்' என்றுதான் பெயர்.

வெயிலில் நடந்து வந்தவர் ஒரு வீட்டு வாசலில் நின்று "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்கிறார். அவருக்கு வேண்டியது ஒரு சொம்பு நிறைய. 'கொஞ்சம்' என்பது தண்ணீரின் அளவைச் சொல்லவில்லை. கேட்கிற தொந்தரவின் அளவைக் குறைத்துக் காட்டுகிறது. "கொஞ்சம் நகருங்க", "கொஞ்சம் சொல்லுங்க" எல்லாம் இதே வகை. கொடுப்பவரின் முகமும் கெடாமல், கேட்பவரின் முகமும் கெடாமல் அந்தச் சிறு சொல் நடுவில் நின்று வேலை செய்கிறது.

கொங்கு நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் 'ங்க' செய்கிறது. "சரிங்க", "இல்லைங்க", "ஏனுங்க", "போறேனுங்க" என்று வினையில் மட்டுமல்லாமல் எந்தச் சொல்லின் கடைசியிலும் ஒட்டிக்கொள்ளும். 'போறேன்' என்பது தன்மை ஒருமை. அதில் பன்மைக்கு இடமே இல்லை. ஆனாலும் கேட்பவருக்காக அங்கே ஒரு 'ங்க' வருகிறது. கோயம்புத்தூர்க்காரர்களின் மரியாதை என்று தமிழ்நாடே மெச்சுவது இதைத்தான். மெச்சத் தகுந்ததுதான். ஆனால் அந்த 'ங்க' எந்தப் பக்கம் போயிற்று என்பதையும் சேர்த்துத்தான் மெச்ச வேண்டும். தோட்டத்துக் கவுண்டரிடம் பண்ணையாள் 'சாமி' என்றும் 'ங்க' என்றும் பேசினார். திரும்பி வந்தது 'வாடா'. அறுபது வயதுப் பெரியவரை அந்த வீட்டுப் பத்து வயதுப் பையனும் 'டேய்' என்றான். பெரியவர் பையனைச் 'சின்னச் சாமி' என்றார். அம்மா குட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்த 'பெரியவங்க' என்ற பாடம், சேரியின் எல்லையோடு முடிந்துவிட்டது.

ஒரே சொல், போகிற திசையைப் பொறுத்து என்ன ஆகும் என்பதற்கு 'அடியேன்' போல வேறு சாட்சி இல்லை. ஸ்ரீவைஷ்ணவர்கள் சந்தித்துக்கொள்ளும்போது இருவருமே 'அடியேன்' என்பார்கள். எதிரில் இருப்பவர் 'தேவரீர்'. அவர் வீடு 'திருமாளிகை', தன் வீடு 'குடிசை'. எதிராளியும் அப்படியே திருப்பிச் சொல்வார். அவர் வாயில் இவர் வீடு திருமாளிகை ஆகிவிடும். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தாழ்வதால் யாரும் தாழ்வதில்லை. தெற்கே, பழைய திருவிதாங்கூரில், 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் வேறொன்றைப் பார்த்து எழுதிவைத்தார். புலையர் ஒருவர் மேல்சாதிக்காரர் முன் 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தான் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது. அழுக்குக் கஞ்சி என்று பொருள்படும் 'கரிக்காடி' என்றே சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைக் குரங்குக் குட்டி, கன்றுக்குட்டி என்று சொல்ல வேண்டும். பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். அங்கே அடியன் என்பதற்குப் பதில் அடியன் வரவில்லை. சொல் ஒன்றுதான். ஒரு கூட்டத்துக்கு அது விரும்பி எடுத்துக்கொண்ட பக்தி, இன்னொரு கூட்டத்துக்குச் சவுக்கு. தாய் தன் பிள்ளையைப் பிள்ளை என்று சொல்ல முடியாத ஒரு மொழி மரபை நினைக்கும்போது, பணிவு என்ற சொல்லையே யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே சமத்துவம் கேட்டவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வால்விகுதியில் கை வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் கிறித்தவர்கள் நீதிபதியையும் பிரபுவையும் 'நீ' என்றே பேசி அதற்காக உதைபட்டார்கள். 1793இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்று சொல்ல வேண்டும் என்று முழங்கினார்கள். சுவீடனின் கதை தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது: அங்கே மரியாதைப் பன்மை மெருகு போய், பட்டம் இல்லாதவரை அழைக்கும் தாழ்ந்த சொல்லாகிவிட்டதால், எதிரில் இருப்பவரையே பதவிப் பெயரால் படர்க்கையில் பேசிக்கொண்டிருந்தார்கள். 1967இல் மருத்துவத் துறைத் தலைவராக வந்த புரூர் ரெக்செட் தன் அலுவலகத்தில் எல்லாரையும் 'நீ' என்றே அழைக்கப் போவதாக அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் நடந்தது தலைகீழ். ஐரோப்பியர்கள் எல்லாரையும் 'நீ'க்கு இறக்கிச் சமமாக்கினார்கள். இங்கே எல்லாரையும் 'நீங்க'வுக்கு ஏற்றிச் சமமாக்கப் பார்த்தார்கள். காரணம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக 'டா' மட்டுமே வாங்கியவருக்கு, எல்லாரும் இனி 'நீ' என்பதில் கிடைப்பதற்கு ஒன்றும் இல்லை. பெரியார் சிறு பிள்ளைகளையும் 'வாங்க', 'போங்க' என்றுதான் அழைப்பார் என்பதை அவரோடு பழகியவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. அந்தக் காலத்துக் கடித உறைகளில் பெயருக்கு முன்னால் 'ம.ரா.ரா.ஸ்ரீ' என்று போடுவார்கள். மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம். குமாஸ்தாவும் அந்த உறையில் மகாராஜாதான். 1932இல் சோவியத் நாட்டுப் பயணம் முடித்து வந்த பெரியார், இவை எல்லாவற்றுக்கும் பதில் 'தோழர்' என்று அழைக்கச் சொன்னார். 1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய், திரு, திருமதி, செல்வி என்று ஆக்கியது.

கீழத்தஞ்சையில் இதே காரியம் வயலில் நடந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த பண்ணைகளில், 1940களில் கூலியாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் கன்னட நாட்டுக்காரர். அடித்தால் திருப்பி அடி, 'டா' என்றால் நீயும் 'டா' என்று சொல் என்பதாக அவர் சொன்னது அந்த இயக்கத்தின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பிரவுனும் கில்மனும் எழுதுவதற்கு முன்பே, சொல் திரும்பிப் போனால் அதிகாரம் கலையும் என்பதை அந்த மனிதர் கண்டிருந்தார்.

வீட்டுக்குள் மாற்றம் மெல்ல வந்தது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று நம்பிய பெண்கள், பெயர் கேட்கும் குமாஸ்தாவிடம் "ஆறு முகம் இருக்கிற சாமி பேருங்க" என்று புதிர் போட்டார்கள். 'என்ன' என்ற கேள்வியோடு 'ங்க' சேர்ந்த 'என்னங்க' கணவனின் பெயராகவே ஆயிற்று. எதிர்ப்பக்கம் 'அடியே', 'இந்தாடி'. இன்று நகரங்களில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'நீ' என்பதும், பெண்கள் தோழியையே 'வாடா' என்பதும் சாதாரணம். ஒருகாலத்தில் வயலில் சவுக்காக விழுந்த அதே 'டா', கல்லூரி மரத்தடியில் இரு பக்கமும் போய் நட்பாகிவிட்டது.

பக்கத்துக் கேரளத்தில் 2021இல் உயர் நீதிமன்றம், போலீசார் பொதுமக்களை 'எடா', 'எடீ', 'நீ' என்று அழைக்கக் கூடாது என்றது. காவல் துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். அதே ஆண்டு பாலக்காட்டின் மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் யாரும் 'சார்', 'மேடம்' சொல்ல வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. மனுவில் 'வேண்டிக்கொள்கிறேன்' என்பதற்குப் பதில், உரிமையோடு கேட்கிறேன் என்ற பொருளில் எழுதலாம் என்றும் சொன்னது.

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலும் காலை எட்டு மணிக்கு நின்றால் கேட்கலாம். காவலுக்கு நிற்பவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கல்லூரிக்குக் கிளம்பும் பையன் வண்டியை உதைத்துக்கொண்டே "கேட்டைத் தொற" என்பான். அவர் எழுந்து திறந்து, "பார்த்துப் போங்க சார்" என்பார்.